ரிசல்ட் வந்தாச்சு, சீட்டும் கிடைச்சாச்சு... அப்புறம்?

ஜூலை மாதத்துச் சாயங்காலம். தாலுகா ஆபீசுக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டரில் நிற்கக்கூட இடமில்லை. பொறியியல் கவுன்சலிங்கின் சாய்ஸ் ஃபில்லிங் இன்றோடு முடிகிறது. ஆதார் திருத்தம், பட்டா நகல் என்று வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார் கடைக்காரர். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பையன், பின்னால் நின்றபடி அவன் அப்பா. அவர் கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. உள்ளே மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ்.

“கட்-ஆஃப் எவ்வளவு தம்பி?”

“நூத்தி அறுபத்தாறரைண்ணா.”

“கம்ப்யூட்டர் சயின்ஸா, ஐ.டி.யா?”

பையன் திரும்பி அப்பாவைப் பார்க்கிறான். அப்பா கடைக்காரரைப் பார்க்கிறார். “நீங்களே பாத்து நல்லதா ஒண்ணு போட்டு விடுங்க தம்பி. எங்களுக்கு என்ன தெரியும்?”

போன வருடம் எந்தக் கல்லூரி எந்த கட்-ஆஃபில் மூடியது என்ற பட்டியலைத் திறக்கிறார் கடைக்காரர். அவர் விரல் மளமளவென்று ஓடுகிறது. கால் மணி நேரத்தில் நாற்பது கல்லூரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பிரின்ட் எடுத்து நீட்டியதும் அடுத்த பையன் நாற்காலியில் உட்காருகிறான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கவுன்சலிங் நடைமுறையை முதலிலிருந்து கடைசிவரை தெரிந்துவைத்திருப்பவர் பல ஊர்களில் அவர் ஒருவர்தான். ஆனால், எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதைத்தான் அவரால் சொல்ல முடியும். அந்த இடத்தில் உட்கார்ந்த பிறகு என்ன ஆகும் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. மே மாதம் ரிசல்ட் வந்த நாளிலிருந்து வீட்டில், தெருவில், டீக்கடையில் நடக்கும் பேச்சு முழுக்க முதல் கேள்வியைப் பற்றித்தான்.

2025 மே 8 அன்று வெளியான ப்ளஸ் டூ முடிவுகளில் தேர்வு எழுதியவர்கள் 7,92,494 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 7,53,142 பேர், அதாவது 95.03 சதவீதம். உயர்கல்விக்குள் நுழைவதில் தமிழ்நாடு தேசிய சராசரியை எப்போதோ தாண்டிவிட்டது. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள், தெருவுக்குத் தெரு கலை அறிவியல் கல்லூரிகள். ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்வது இன்று பெரிய காரியமே இல்லை. சிக்கல் சேர்ந்த பிறகு தொடங்குகிறது.

பதினைந்து வயதில் போட்ட முடிச்சு

“ப்ளஸ் டூவுக்கு அப்புறம் என்ன?” என்ற கேள்விக்குப் பாதிப் பதில் பத்தாம் வகுப்பு முடிந்த வாரமே எழுதப்பட்டுவிடுகிறது. ஃபர்ஸ்ட் குரூப், பயோ-மேத்ஸ், ப்யூர் சயின்ஸ், காமர்ஸ், தொழிற்கல்வி... இதில் எதை எடுக்கிறோமோ அதைப் பொறுத்துப் பல கதவுகள் அப்போதே சாத்தப்படும். கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுத்த பெண், நீட்டில் மார்க் குறைந்ததும் “சரி, இன்ஜினீயரிங் போகலாம்” என்று திரும்பினால், கணக்கு மார்க்கை வைத்துப் போடும் கட்-ஆஃபுக்கு அவளிடம் கணக்கே இல்லை.

அந்த குரூப்பையாவது பிள்ளை விரும்பி எடுத்ததா? பத்தாம் வகுப்பு மார்க் கொஞ்சம் குறைந்தால் பள்ளியே காமர்ஸில் தள்ளிவிடும். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் இருக்கும் குரூப் எதுவோ அதுதான் அந்த ஊர்ப் பெண் பிள்ளைகளின் ‘விருப்பப் பாடம்’.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-ல் வந்தது. அதற்கு முன்பு பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போகவேண்டியிருந்தது. பள்ளியிலேயே இரண்டு வருடம் நிதானமாகப் படித்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் ஏற்பாடு. நடந்தது வேறு. பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தைத் தொட்டுவிட்டு, இரண்டு வருடமும் ப்ளஸ் டூவையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு பயம் குறைந்தது நல்லதுதான். ஆனால் நீட், ஜே.இ.இ. இரண்டிலும் ப்ளஸ் ஒன் பாடம் பாதி. கல்லூரி முதலாண்டுக் கணக்கும் இயற்பியலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பழைய பழக்கம் திரும்பி வந்தால் அதன் வலி பள்ளிக்குத் தெரியாது, கல்லூரிக்குப் போன பிள்ளைக்குத்தான் தெரியும்.

எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு கல்யாண வீட்டில், “பையன் என்ன பண்றான்?” என்று கேட்டால், “மெக்கானிக்கல்” என்று சொல்வதில் ஒரு கெத்து இருந்தது. இன்று அதே வாக்கியத்தைச் சொன்னால், “ஏன், சி.எஸ். கிடைக்கலையா?” என்று அடுத்த கேள்வி வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று பெயர்ப் பலகைகள் பெருகிவிட்டன. நன்றாக நடக்கும் கல்லூரிகளில் ஒரு பாடப்பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்று இருந்த உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-25-லிருந்து தளர்த்தியது. பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் இடங்களை ஏற்றிக்கொண்டன. மாணவர்கள் அங்கே போக, சின்ன ஊர்க் கல்லூரிகளில் சிவில், மெக்கானிக்கல் வகுப்புகள் காற்று வாங்குகின்றன.

நான்கு வருடத்துக்கு முந்தைய சந்தையைப் பார்த்து, நான்கு வருடம் கழித்து வரப்போகும் வேலைக்கு இன்று சீட் எடுக்கிறோம். 2025-ல் சேர்ந்தவர் 2029-ல் வெளியே வருவார். அன்று ஐ.டி. கம்பெனிகள் எத்தனை ஃப்ரெஷர்களை எடுக்கும் என்பதற்கு யாரிடமும் கியாரன்டி கிடையாது. கோடு எழுதிக் கொடுக்கும் ஏ.ஐ. கருவிகள் வந்துவிட்ட காலத்தில், ஆரம்ப நிலை வேலைகளைப் பற்றி அந்தத் துறைக்காரர்களே அடக்கித்தான் வாசிக்கிறார்கள். மறுபக்கம் ஓசூரில் எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர், 2025 ஆகஸ்டில் திறந்த தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் கார் ஆலை என்று தொழிற்சாலைகள் வந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகள் ஒரு பக்கம் போக, தொழிற்சாலைகள் மறுபக்கம் போகின்றன என்பது என் கணிப்பு. தப்பாகிப் போனால் சந்தோஷமே.

சி.எஸ். எடுக்காதே என்று சொல்லவில்லை. கணக்கு பிடித்து, ஒரு புரோகிராமை இரவெல்லாம் உட்கார்ந்து சரிசெய்யும் பிள்ளைக்கு அதைவிட நல்ல படிப்பு இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்பதற்காக எடுப்பவர்களைப் பற்றித்தான் கவலை.

> பெட்டிச் செய்தி: கட்-ஆஃப் கணக்கு
>
> பொறியியலுக்கு மொத்தம் 200. கணக்கு 100-க்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைத்து 50, 50. கணக்கில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 90 என்றால் 92 + 43 + 45 = 180. கணக்கில் ஒரு மார்க் போனால் ஒரு கட்-ஆஃப் போகும். இயற்பியலில் போனால் அரைதான்.
>
> ஒரே கட்-ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணக்கு, அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எல்லாமே சமம் என்றால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதிலும் சமம் என்றால் கடைசியில்தான் ரேண்டம் எண்.
>
> சாய்ஸ் பட்டியலில் ‘கிடைக்கும்’ என்பதை மேலே போடாதீர்கள். ‘வேண்டும்’ என்பதைப் போடுங்கள். உங்கள் முறை வரும்போது கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும்.
>
> நுழைவுத் தேர்வு 2007-08 சேர்க்கையிலிருந்து கிடையாது. 69 சதவீத இடஒதுக்கீட்டில் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு: மருத்துவத்தில் 2020 முதல், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதல்.

கையெழுத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. கவுன்சலிங்கில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. இரண்டுமே கவுன்சலிங் வழியாக வந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்தால் சல்லிக்காசு கிடையாது.

இந்த ஒரு விவரம் தெரியாமல் ஜூன் மாதமே முன்பணம் கட்டி மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. “கவுன்சலிங்குக்குக் காத்திருந்தா சி.எஸ். போயிடும் சார், இப்பவே பிளாக் பண்ணிடுங்க” என்று வீட்டுக்கே போன் வரும். நன்கொடை வாங்குவதற்கு எதிராக இந்த மாநிலத்தில் 1992-லிருந்தே சட்டம் இருக்கிறது. ரசீதில் அதன் பெயர் நன்கொடை என்று இருக்காது, அவ்வளவுதான்.

பிறகு கல்விக் கடன். வங்கியில் கையெழுத்து போடும் நாளில் எல்லோரும் பார்ப்பது எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டும். நான்கு வருடம் கழித்து எவ்வளவு ஆகியிருக்கும் என்று யாரும் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதில்லை. இங்கே போட்டுப் பார்ப்போம்.

வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருடம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கிடையாது; ஆனால் வட்டி ஓடும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாவதற்கு நான்கு, அப்புறம் மூன்று, இரண்டு. தனிவட்டியாகவே பார்த்தால் மொத்தம் 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். முதல் வேலையில் கைக்கு 18,000 வருகிறது என்றால், சென்னையில் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு போக மிச்சம் என்ன என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வேலை கிடைக்கத் தாமதமானால் இணைக் கடனாளியான அப்பாவின் சிபில் ஸ்கோர் விழும். அக்கா கல்யாணத்துக்குக் கடன் கேட்கப் போகிற நாளில்தான் அந்தச் சேதி வீட்டுக்குத் தெரியவரும்.

> பெட்டிச் செய்தி: வங்கிக்குப் போகும் முன்
>
> 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் வரையும் பிணையின்றிக் கிடைக்கும். ஆண்டுக் குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள தொழிற்படிப்புகளுக்குத் தவணை தொடங்கும்வரையான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.
>
> படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவந்தால் பின்னால் சுமை கணிசமாகக் குறையும்.

முதல் செமஸ்டரில் விழுகிற அடி

தமிழ் வழியில் படித்து 550 மார்க் வாங்கிய பையன். ஊரில் அவனுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். (மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது, ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.) செப்டம்பரில் கல்லூரி. புரொஃபசர் ஆங்கிலத்தில் பாடம் நடத்திக்கொண்டே போகிறார். ‘வகைக்கெழு’ என்றால் இவனுக்கு மணி மணியாகத் தெரியும். பலகையில் எழுதியிருக்கும் ‘டெரிவேட்டிவ்’ அதுதான் என்று புரிவதற்குள் வகுப்பு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டது. சந்தேகம் கேட்க எழுந்தால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்று எழுவதில்லை. டிசம்பரில் முதல் அரியர் விழுகிறது. இதுவரை எந்தப் பாடத்திலும் தவறாதவன் அதை வீட்டில் சொல்வதில்லை. அடுத்த செமஸ்டரில் பழைய பேப்பரும் புதிய பேப்பரும் சேர்ந்து வருகின்றன.

அரியர்களோடு இருப்பவர் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரவே முடியாத நிலை வரலாம். சீட் எடுத்தபோது பார்த்த ‘100 சதவீத பிளேஸ்மென்ட்’ என்ற பேனருக்கும் இவருக்கும் அங்கேயே உறவு அறுந்துவிடுகிறது. மொழிச் சிக்கலைத் தீர்க்க 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. ஆனால் அந்த இரண்டு பிரிவுகளே கூட்டம் இல்லாத பிரிவுகளாகிவிட்டன.

கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய இரண்டு மாதம்தான் இதற்கு மருந்து கொடுக்கச் சரியான காலம். பாடச் சொற்களை இரண்டு மொழியிலும் பழகிக்கொண்டு போகும் பிள்ளை தப்பித்துவிடும். நம் வீடுகளில் அந்த இரண்டு மாதமும் கவுன்சலிங் பதற்றத்திலேயே கரைகிறது.

ஒரிஜினல் யாரிடம் இருக்கிறது?

தப்பான படிப்பில் சேர்ந்துவிட்டோம் என்று ஒரு பிள்ளைக்கு மூன்றாவது மாதம் தெரிகிறது. வெளியே வர முடிகிறதா? “நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு டி.சி. வாங்கிக்கோங்க” என்று சொல்லும் நிர்வாகங்கள் இருக்கின்றன. சேர்க்கையின்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் பூட்டிவிடுவது பல இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

இது சட்டப்படி செல்லாது. மாணவரின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்திருக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. விலகும் மாணவருக்கு எந்த நாளுக்குள் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும் என்றும் அதே அறிவிப்பில் இருக்கிறது. கல்லூரியில் அந்த அறிவிப்பைப் பேப்பரில் பிரின்ட் எடுத்துக் காட்டும் அப்பாவிடம் பேச்சின் தொனியே மாறுவதைப் பார்க்கலாம்.

பஸ் போய் வருகிற தூரம்

2025 தேர்வில் பெண்களின் தேர்ச்சி 96.70 சதவீதம், ஆண்களுடையது 93.16. மார்க்கில் முந்தும் பெண், கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் பின்தங்கிவிடுகிறாள். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும் கட்-ஆஃப் இருந்தும், “தினமும் வீட்டுக்கு வந்துடணும்” என்ற ஒற்றை நிபந்தனையால் பக்கத்து டவுன் கல்லூரியில் சேர்ந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இதை மெல்ல அசைத்தவை இரண்டு. ஒன்று, 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம். மற்றொன்று, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆயிரம் ரூபாய் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது. “படிச்சது போதும்” என்று வீட்டில் யாராவது ஆரம்பிக்கும்போது அந்தத் தொகைக்கும் ஒரு வாய் இருக்கிறது.

படிப்பை நிறுத்தி நேராக வேலைக்குப் போகும் பெண்களும் பெருகியிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து செல்போன் ஆலைகளுக்கு ப்ளஸ் டூ முடித்த பெண்கள் தேவை. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதியை அரசு 2024 ஆகஸ்டில் திறந்தது. பதினெட்டு வயதில் சொந்தச் சம்பளம், சொந்த ஏ.டி.எம். கார்டு. இதைப் பரிதாபமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்து அதே லைனில் அதே வேலையில் நிற்கும்போது அவள் கையில் ப்ளஸ் டூ சர்ட்டிபிகேட் மட்டும்தான் இருக்கும். வேலையோடு சேர்த்துத் தொலைநிலைக் கல்வியில் ஒரு டிகிரியைத் தொடங்கிவிடுகிறவள் புத்திசாலி.

இன்னும் ஒரு வருஷம்... இன்னும் ஒரே ஒரு வருஷம்

2017-லிருந்து தமிழ்நாட்டில் மருத்துவ சீட்டுக்கு நீட் மார்க்தான். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது வரமா சாபமா என்று தெரியவில்லை. 720-க்கு 480 வாங்கிய பிள்ளைக்கு, அடுத்த வருடம் 550 வந்துவிடும் என்று தோன்றும். ரிப்பீட்டர் பேட்ச் ஹாஸ்டலில் ஒரு வருடம், பிறகு இன்னொன்று. நண்பர்கள் கல்லூரி இரண்டாம் வருடத்தில் இருக்கும்போது இவர் இன்னும் ப்ளஸ் ஒன் விலங்கியலில் இருக்கிறார். ஒரு தடவை திரும்ப எழுதுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதற்கு முன்பு, பி.எஸ்சி. நர்ஸிங், பி.ஃபார்ம் போன்ற படிப்புகளின் விண்ணப்பத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வீடு தெளிவான வீடு. தமிழ்நாட்டில் நர்ஸிங் இதுவரை ப்ளஸ் டூ மார்க்கிலேயே கிடைத்துவருகிறது.

மருத்துவம், பொறியியல் இரண்டையும் விட்டுப் பார்த்தால் பாதை இன்னும் அகலம். காமர்ஸ் படித்தவர் ப்ளஸ் டூ முடித்த கையோடு சி.ஏ. ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்யலாம். ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது மூன்று வருடம் இல்லை, இரண்டு வருடம்தான். ஜே.இ.இ. எழுதாதவரும் தகுதித் தேர்வு ஒன்றைத் தாண்டினால் 2020-ல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் சேரலாம், வேறு கல்லூரியில் படித்தபடியே.

தவறியவர்கள் எங்கே போவார்கள்?

95 சதவீதத்தைக் கொண்டாடிய நாளில் 39,352 பேர் தேறவில்லை. இவர்களைப் பற்றிக் கட்டுரையும் வராது, கல்லூரி விளம்பரமும் வராது. ரிசல்ட் அன்றே வீட்டில் பேச்சு நின்றுபோயிருக்கும். துணைத் தேர்வு ஜூன் கடைசியிலேயே நடந்துவிடுகிறது. அதில் தேறினால் அதே வருடம் கல்லூரியில் சேரலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. மார்க்கில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கி மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்கலாம். மனசு உடைந்துபோன பிள்ளையோடு பேச 104, 14417 ஆகிய எண்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

துணைத் தேர்விலும் தேறாவிட்டால்? பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் முதலாண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவருக்குப் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடி இடம் உண்டு. ப்ளஸ் டூவில் உரிய பாடங்களோடு தேறியவருக்கும் அப்படியே. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். லேத் மெஷினைக் கையால் தொட்டுப் பழகிவிட்டு வகுப்புக்கு வருகிற அந்தப் பையனிடம், ப்ளஸ் டூவில் 550 வாங்கியவர்கள் லேபில் சந்தேகம் கேட்பதை எந்த இன்ஜினீயரிங் கல்லூரியிலும் பார்க்கலாம். தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் ரோபோ, சி.என்.சி. எந்திரங்களை அரசு இறக்கியிருக்கிறது. அங்கே சேர விண்ணப்பிக்கவும் கடைசித் தேதி ஒன்று இருக்கிறது, பொறியியல் கவுன்சலிங் பரபரப்பில் யாரும் கவனிக்காமல் அது தாண்டிப் போய்விடுகிறது.